ரிசர்வாயர்ல விங் ஃபாயிலிங்: முதல்ல விண்ட்சர்ஃப் கத்துக்கணுமா, நேரா விங்குக்கே போயிடலாமா?

ஸ்லவ்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கிலாந்துல, லண்டனுக்கு மேற்க ஸ்லவ் பக்கத்துல லாங்லில இருக்கேன். குயின் மதர் ரிசர்வாயர் எங்க வீட்ல இருந்து சைக்கிள்ல போற தூரம்தான், ஆனா கரை அவ்வளவு உசரம்ங்கறதால ரோட்ல இருந்து பார்த்தா வெறும் புல்லு மேடு மட்டும்தான் தெரியும், உள்ள இவ்வளவு பெரிய தண்ணி இருக்குன்னே தோணாது. போன மாசம் ஒரு ஃப்ரெண்டு கிளப்புக்கு கூட்டிட்டுப் போனாரு. மேட்டு மேல ஏறி நின்னா ஒரு பொண்ணு கையில காத்தடிச்ச விங்க பிடிச்சுக்கிட்டு, போர்டு தண்ணிக்கு மேல ஒரு முழம் உசரத்துல, சத்தமே இல்லாம அந்தக் கரையில இருந்து இந்தக் கரைக்கு வந்துட்டு திரும்பிப் போகுது. அன்னிக்கு ராத்திரி முழுக்க யூடியூப்தான்.

எடை 82 கிலோ, நீச்சல் ஓரளவு தெரியும், பாய்மரப் படகு, சர்ஃப் எதுவும் பழக்கமில்ல. என் கேள்வி இதுதான்: முதல்ல விண்ட்சர்ஃபிங் கத்துக்கிட்டு அப்புறம் விங்குக்கு வரணுமா, இல்ல நேரா விங்லயே ஆரம்பிக்கலாமா? கடல்தான் சரியான இடம், ரிசர்வாயர்ல காத்து குப்பைன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றாரு, அது உண்மையா? என்ன சைஸ் வாங்கணும்? அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

வல்வைக்காரன்:
வணக்கம் தம்பி. நான் கனகாலமா ஃபின் போர்டில, அதாவது அடியில சின்னத் துடுப்பு மட்டும் இருக்கிற சாதாரண விண்ட்சர்ஃபில ஓடுறவன், இப்ப ஃபாயிலும், அதாவது தண்ணிக்குள்ள இருந்து போர்டை மேல தூக்கிற இறக்கையிலயும், ஓடுறன், அதால ரெண்டையும் வைச்சு சொல்லுறன். முதல்ல விண்ட்சர்ஃப் பழகுங்கோ.

ஏனெண்டால், விண்ட்சர்ஃபில செயில், அதாவது பாய், போர்டோட பொருத்திக் கிடக்கும். நீங்கள் பழக வேண்டியது காத்து எங்கால வருது, செயிலை முன்னுக்குச் சரிச்சால் போர்டு எங்கால திரும்புது, பின்னுக்குச் சரிச்சால் எங்கால திரும்புது எண்டது மட்டும்தான். 180, 200 லிட்டர் பெரிய போர்டு, 4 இல்லாட்டி 5 சதுர மீட்டர் செயில், 8 நாட்ஸ் காத்து (மணிக்கு 15 கி.மீ. போல), இவ்வளவும் காணும், ஆர்.ஒய்.ஏ. எண்ட பிரிட்டிஷ் பாய்மரப் படகுச் சங்கத்தின்ர ஸ்டார்ட் விண்ட்சர்ஃபிங் கோர்ஸ் ரெண்டு நாளில போய்த் திரும்பி வரப் பழக்கிப் போடுவினம். விங்கில அப்பிடியில்லை. கையில விங், காலுக்குக் கீழ போர்டு, அதுக்குக் கீழ ஒரு மீட்டருக்குக் கிட்ட நீளத்தில ஃபாயில், மூண்டும் மூண்டு பக்கம் இழுக்கும். காத்தின்ர திசையே பிடிபடாத ஆளுக்கு இது மூண்டையும் ஒரே நேரத்தில குடுத்தால் ஆள் களைச்சுப் போய் விட்டிட்டுப் போயிடும். அப்பிடி விட்டிட்டுப் போன ஆக்களை நான் கண்டிருக்கிறன்.

இன்னொண்டு. உள்நாட்டில கனநாள் காத்து 8, 10 நாட்ஸ்தான் இருக்கும். பழகிற ஆளை ஃபாயிலில தூக்க 14 நாட்ஸாவது வேணும். விண்ட்சர்ஃப் தெரிஞ்சால் அந்த மெல்லிய காத்து நாளும் வீணாப் போகாது.

கடல் விசயத்துக்குப் பிறகு வாறன், அதில உங்கட ஆபீஸ் ஆள் சொல்லுறது பிழை.

விங்வாணி:
வல்வை அண்ணா மேல எனக்கு ரொம்ப மரியாதை, ஆனா இதுல எனக்கு உடன்பாடு இல்ல. நான் நேரா விங்லதான் ஆரம்பிச்சேன், விண்ட்சர்ஃப் செயில இன்னிக்கு வரைக்கும் தொட்டதில்ல. எங்க க்ரூப்ல பாதிப் பேர் அப்படித்தான்.

அப்ஹாலிங்னு ஒண்ணு இருக்கு பாருங்க, தண்ணிக்குள்ள விழுந்த செயிலை கயிறு பிடிச்சு தூக்கறது, அதுல முதுகு போயிடும். புதுசா வர்றவங்க, முக்கியமா பொண்ணுங்க, அந்த இடத்துலதான் மனசு விட்டுடறாங்க. விங் விழுந்தா அதுவே மிதக்கும், ரெண்டு விரல்ல ஹேண்டிலைப் பிடிச்சு தூக்கிடலாம். காத்து அதிகமாப் போச்சா, முன்னாடி இருக்கற ஹேண்டிலை மட்டும் பிடிச்சுக்கிட்டு பின் கையை விட்டுட்டா போதும், விங் கொடி மாதிரி பின்னாடி ஆடிக்கிட்டு நிக்கும், இழுப்பே இருக்காது. இந்த ஒரு விஷயம் தெரிஞ்சதும் பாதி பயம் போயிடும்.

மூணும் ஒரே நேரத்துலன்னு அண்ணா சொல்றது நியாயம்தான், ஆனா யாரும் மூணையும் ஒண்ணா கத்துக்கறதில்லயே. முதல்ல தரையில விங் மட்டும். புல்லுல நின்னு அரை மணி நேரம், ஒரு மணி நேரம், தலைக்கு மேல வச்சு, இடது வலது மாத்தி. அப்புறம் ஃபாயில் இல்லாம பெரிய எஸ்.யு.பி. போர்டுல (நின்னு துடுப்புப் போடற போர்டு) முட்டி போட்டு விங்கோட போறது, கிளப்லயே அந்த போர்டு இருக்கும், நடுவுல அடிப்பக்கம் நீட்டற ஒரு டேகர்போர்டு பலகையோ ஃபின்னோ இருந்தா நல்லது, இல்லேன்னா காத்தோட அடிச்சுக்கிட்டு போயிடும். அதுல காத்துக்கு எதிர்ப்பக்கம் ஏறி கிளம்பின இடத்துக்கே திரும்பி வர முடியுதான்னு பாருங்க. வந்துட்டீங்கன்னா ஃபாயிலுக்கு ரெடி. காத்து எங்க இருந்து வருதுன்னு இதுலயே தெரிஞ்சுடும்.

சைஸ்: உங்க 82 கிலோவுக்கு போர்டு 115ல இருந்து 125 லிட்டர் வரைக்கும். எடையோட 35, 40 சேர்த்துக்கங்க, கூடவே நல்ல தண்ணியில கடல் தண்ணியை விட மிதப்பு ரெண்டரை சதவீதம் போல கம்மி, 120 லிட்டர் போர்டுல அது 3 கிலோ வரும், அதனால குறைச்சு வாங்காதீங்க. ஃபாயிலோட முன் விங் (தண்ணிக்குள்ள இருக்கற பெரிய இறக்கை) 1800, 2000 சதுர செ.மீ., மாஸ்ட் (அதை போர்டோட சேர்க்கற தண்டு) 75 செ.மீ. போதும். கையில பிடிக்கற விங் ஒண்ணுதான் வாங்கறீங்கன்னா 6 சதுர மீட்டர். கடல்கரையில எல்லாரும் 5னு சொல்வாங்க, அந்தக் கணக்கு நம்ம ரிசர்வாயருக்கு ஒத்து வராது.

ரெடிங்ராம்:
எனக்கும் இதே கேள்வி இருந்துச்சு, நல்ல இழை, ஃபாலோ பண்றேன். ஒரு டவுட்டு, ஹேலிங் ஐலண்ட் ஒன்றரை மணி நேர ட்ரைவ்தானே, அங்க கடல் காத்து ஒரே சீரா அடிக்குமே, அங்க போய் கத்துக்கிட்டா வேகமா வந்துடாதா?

வல்வைக்காரன்:
ராம், கடற்காத்து சீர்தான், அதில வாதமில்லை. நான் கல்பிட்டியில சோழகக் காத்தில ஓடியிருக்கிறன், மே மாசம் தொடங்கினால் செப்டம்பர் மட்டும் விடாமல் அடிக்கும், ஒரே செயிலோட நாள் முழுக்க நிக்கலாம். ஆனால் பழகிற ஆளுக்கு கடலில இருக்கிற கரைச்சல் வேற. வத்து, பெருக்கு, நீரோட்டம், கரையில உடைக்கிற அலை. கரையில இருந்து கடலுக்குப் போற காத்தெண்டால் திரும்பி வர ஏலாமல் போயிடும். ரிசர்வாயரில எந்தப் பக்கம் காத்து அடிச்சாலும் கடைசியில ஒரு கரையிலதான் கொண்டுபோய் விடும். அதோட பேட்ரோல் போட், அதாவது ஆபத்தெண்டால் உதவிற காவல் படகு, நிக்கும். அது இல்லாமல் கனக்க இடத்தில தண்ணிக்குள்ள இறங்கவே விடமாட்டினம்.

இப்ப ரிசர்வாயர் காத்துக்கு வாறன். உள்நாட்டுத் தண்ணி எல்லாம் ஒண்டில்லை. மரத்துக்கு நடுவில கிடக்கிற சின்னக் குவாரிக் குளத்தில பழகின ஆக்கள்தான் உள்நாட்டுக் காத்தே கூடாது எண்டு சொல்லுறது. குயின் மதர் 1976ல திறந்தது, 475 ஏக்கர், குயின் மேரி 1925ல திறந்தது, 707 ஏக்கர். ரெண்டும் நிலத்தைத் தோண்டின குளமில்லை, சமநிலத்தில சுத்திவர மண்கரை எழுப்பி, அதுக்குள்ள தேம்ஸ் தண்ணியைப் பம்ப் பண்ணி ஏத்தி வைச்சிருக்கிறது. தண்ணி மட்டமே சுத்தி இருக்கிற வீட்டுக் கூரைகளுக்குக் கிட்ட வந்திடும், அதால மரமும் கட்டிடமும் காத்தைப் பெரிசா மறிக்காது. ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கிட்ட ஃபார்மூர் ரெண்டாவது ரிசர்வாயரும் இந்த மாதிரித்தான்.

மறிக்கிற ஒண்டு கரைதான். காத்து வாற பக்கத்துக் கரைக்கு உள்ளுக்கு, கரை உயரத்தைப் போல பத்து மடங்கு தூரத்துக்காவது காத்து குழம்பித்தான் கிடக்கும். கோடை கடைசியில தண்ணி மட்டம் இறங்கினால் உள்பக்கக் கரை இன்னும் உயர்ந்திடும், அந்தக் குழப்பமும் கூடும். புதுசா வாற ஆக்கள் அந்த இடத்தில நிண்டு அரை மணித்தியாலம் விங்கை ஆட்டி ஆட்டி, காத்தே இல்லை எண்டு சொல்லிக்கொண்டு ஏறி வந்திடுவினம். முட்டி போட்டபடியே நடுத்தண்ணிக்குப் போங்கோ, அங்க காத்து 5 நாட்ஸ் கூடுதலா இருக்கும்.

அடுத்தது கஸ்ட், அதாவது திடீரெண்டு கூடி அடிக்கிற காத்து. காத்தின்ர விசை வேகத்தின்ர வர்க்கத்தோட கூடும். 12 நாட்ஸ் 20 ஆகினால் உங்கட கைக்கு வாற இழுவை கிட்டத்தட்ட 2.8 மடங்கு. குளிர் முகப்பு (குளிர்ந்த காத்துத் திரளின்ர முன்னெல்லை) ஒண்டு கடந்து போன பிறகு வாற வடமேல் காத்து சரியான குத்துக் காத்து, நீல வானமும் பஞ்சு முகிலும் பார்க்க நல்ல வடிவா இருக்கும், புதுசா பழகிற ஆளுக்கு அது சரிவராது. முழுக்க மேகம் மூடின தென்மேல் காத்து பார்க்க மந்தமா இருக்கும், ஆனால் சீரா நிக்கும். அந்த நாளைப் பிடியுங்கோ.

ஸ்லவ்வாசி:
அண்ணா, இதெல்லாம் எந்த வெப்சைட்லயும் இந்த மாதிரி சொல்லல, ரொம்ப நன்றி. காத்து எவ்வளவு இருக்குன்னு கிளம்பறதுக்கு முன்னாடி எப்படிப் பார்க்கறது? ஆப்ல 15ன்னு போட்டிருக்கும், போய்ப் பார்த்தா புல்லு கூட அசையாம இருக்கு.

வல்வைக்காரன்:
ஆப் எல்லாம் முன்கணிப்பு. நீங்கள் இருக்கிற இடத்துக்கு அதைவிடத் திறம் ஒண்டு இருக்கு, ஹீத்ரோ மெட்டார், அதாவது ஏர்போர்ட் வெளியிடுற வானிலை அறிக்கை. ஏர்போர்ட் ரிசர்வாயருக்குப் பக்கத்தில, ஒவ்வொரு மணித்தியாலமும் 20 நிமிசத்திலயும் 50 நிமிசத்திலயும் உண்மையா அளந்த காத்தைப் போடுவினம். காத்துக் குறியீட்டில முதல் மூண்டு இலக்கம் திசை, அடுத்த ரெண்டும் நாட்ஸ். அதுக்குப் பின்னால ஜி எண்டு வந்தால் கஸ்ட். கஸ்ட் சராசரியை விட 10 நாட்ஸோ அதுக்கு மேலயோ கூடினால்தான் அதைப் போடுவினம், அதால ஜி இல்லையெண்டால் கஸ்டே இல்லை எண்டு நினைக்கக் கூடாது. மூண்டு நாலு மெட்டாரை வரிசையா வைச்சுப் பாருங்கோ, ஏறுதோ இறங்குதோ எண்டு தெரிஞ்சிடும். 12க்கு மேல நிண்டு, திசை மாறாமல், ஜியும் இல்லையெண்டால் நான் சாமானைக் காரில ஏத்திப்போடுவன்.

விங்வாணி:
மெட்டார் மேட்டர்ல அண்ணா சொல்றதை அப்படியே எடுத்துக்கங்க, நானும் அதைத்தான் பார்க்கறேன்.

கஸ்ட் வரும்போது ஃபாயில் மேல என்ன நடக்கும்னு சேர்த்து சொல்லிடறேன், இது தெரியாமதான் நிறைய பேர் விழறாங்க. தண்ணி மேல தூரத்துல ஒரு இடம் மட்டும் கருத்து, சின்னச் சின்ன சுருக்கமா உங்களை நோக்கி நகர்ந்து வரும், அதுதான் கஸ்ட். அது வந்து சேர ரெண்டு மூணு செகண்ட் இருக்கும்போதே முட்டியை மடக்கி முன்காலுக்கு எடையைக் கொண்டு வந்துடணும். ஏன்னா காத்து அடிச்சதும் வேகம் ஏறும், வேகம் ஏறினா ஃபாயிலோட லிஃப்ட் இன்னும் வேகமா ஏறும், போர்டு மேல மேல தூக்கிக்கிட்டே போய் முன் விங் தண்ணியை விட்டு வெளிய வந்துடும். வந்த நொடியே லிஃப்ட் சுத்தமா கட், நீங்க முன்னாடி கவுந்துடுவீங்க. புதுசா வர்றவங்க எல்லாரும் கஸ்ட் வந்ததும் பயந்து பின்னாடி சாய்வாங்க, உடம்போட இயல்பு அது, விண்ட்சர்ஃப் ஃபின் போர்டுலயும் அப்படித்தான் பழக்கறாங்க. விண்ட்சர்ஃப்ல இருந்து வந்தவங்களுக்கு இந்தப் பழக்கத்தை மாத்தறதுக்கே தனியா நேரம் பிடிக்குதுன்னு எங்க கோச் சொல்வாரு. வல்வை அண்ணா, இதுக்கு என்ன சொல்றீங்க?

வல்வைக்காரன்:
அது உண்மைதான் தங்கச்சி, பின்காலில நிக்கிற பழக்கம் ஃபாயிலுக்கு ஆகாது. ஆனால் அந்தக் கறுப்புச் சுருக்கம் தண்ணியில வரேக்க அதைக் காணுற கண் இருக்கே, அது செயில் பிடிச்ச ஆளுக்குத்தான் கெதியில வரும். நான் அதுக்காகத்தான் சொல்லுறன்.

டிங்கிதேவன்:
நான் ஐ.எல்.சி.ஏ. ஓட்டறவன், அதாவது முன்னாடி லேசர்னு பேர் இருந்த, ஒரு ஆள் ஓட்டற டிங்கி (சின்னப் பாய்மரப் படகு). விங் ஆளுங்க எல்லாரும் படிக்கற இழைங்கறதால ஒரு விஷயம் மனசுல இருந்து சொல்லணும். எங்க கிளப்புல ஞாயித்துக்கிழமை ரேஸ் ஸ்டார்ட் ஆகறதுக்கு 3 நிமிஷம் இருக்கும்போது ஸ்டார்ட் லைன் நடுவுல விங் ஒண்ணு 18 நாட்ஸ்ல குறுக்கப் போகும். நாங்க 5 நாட்ஸ்ல ஊர்ந்துக்கிட்டு இருக்கோம், பூம் (பாயோட அடியில இருக்கற கம்பு) பக்கம் மறைஞ்சு வர்ற ஆளை பார்க்கவே முடியாது. தண்ணிக்குள்ள இருக்கறது கார்பன் கத்தி. டிங்கி கவுந்து ஒரு பையன் தண்ணியில தலை மட்டும் தெரிய மிதக்கறான், அவன் பக்கத்துல பறந்து போறது எனக்கு சுத்தமா பிடிக்கல. நாலஞ்சு பேரு இப்படிப் பண்றதால கமிட்டியில விங்கையே தடை பண்ணிடலாம்னு பேச்சு வந்துச்சு. அது நடக்கக் கூடாதுன்னுதான் இதை எழுதறேன், ஏன்னா கிளப்புக்கு புதுசா வர்ற இளைஞர்கள் முக்காவாசி விங்குக்குத்தான் வர்றாங்க, அவங்க சந்தா இல்லேன்னா பேட்ரோல் போட்டுக்கு டீசல் போடவே திண்டாட்டம்.

விங்வாணி:
தேவன் சார், நீங்க சொல்றது முழுக்க சரி. எங்க க்ரூப்ல இதை எழுதியே வச்சிருக்கோம். புதுசா வர்றவங்க மனப்பாடமா வச்சுக்க வேண்டியது: வலது கை முன்னாடி இருந்தா நீங்க ஸ்டார்போர்டு டாக் (காத்து வலப்பக்கம் இருந்து வருது), உங்களுக்கு வழி. இடது கை முன்னாடின்னா போர்ட் டாக் (காத்து இடப்பக்கம் இருந்து), நீங்கதான் விலகணும். ரெண்டு பேரும் ஒரே டாக்னா காத்துப்பக்கம் இருக்கறவர் விலகணும். பின்னாடி இருந்து வந்து முந்தறவர் விலகணும். இதெல்லாம் எல்லாப் படகுக்கும் பொதுவான விதி. அதுக்கு மேல நம்ம சைடுல இருந்து ஒண்ணு, நாம வேகமா போறோம், அதனால வழி நமக்கு இருந்தாலும் டிங்கியைக் கண்டா முன்னாடியே திரும்பிடறது. ஸ்டார்ட் லைனைச் சுத்தியும், கவுந்த படகுக்குக் கிட்டயும் போகவே கூடாது. ஜைப் (காத்து போற பக்கமா திரும்பறது) பண்றதுக்கு முன்னாடி தோள் மேல திரும்பிப் பாருங்க, விங் ஒரு பக்கத்தை முழுசா மறைச்சுடும், அதுல இருக்கற கண்ணாடி ஜன்னலை நம்பாதீங்க.

போட்செல்வா:
கிளப்ல சேஃப்டி போட் ட்யூட்டி பார்க்கறவன். குளிரைப் பத்தி இன்னும் யாரும் பேசல, எனக்கு அதுதான் முக்கியம்.

ஏப்ரல்ல வெயில் அடிச்சு வெளிய 18 டிகிரி இருக்கும், தண்ணி 9, 10லதான் இருக்கும். 15 டிகிரிக்குக் கீழ தண்ணியில திடீர்னு விழுந்தா கோல்ட் வாட்டர் ஷாக், மூச்சு அடக்க முடியாம வாயைத் திறந்து இழுக்கும், அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள இருந்தா அவ்வளவுதான். நல்லா நீந்தத் தெரிஞ்சவனுக்கும் இதே கதிதான், நம்ம ஊர்ல கிணத்துலயும் ஆத்துலயும் குதிச்சு வளர்ந்தவங்க இதை சுலபமா எடுத்துக்கறாங்க, தயவுசெஞ்சு வேணாம். மல்லாந்து மிதந்து மூச்சு நிதானத்துக்கு வர்ற வரைக்கும் எதுவுமே பண்ணாதீங்கன்னுதான் ஆர்.என்.எல்.ஐ.ங்கற பிரிட்டிஷ் உயிர்காக்கும் படகு அமைப்பு சொல்லுது. நினைவுல வச்சுக்க 1, 10, 1: மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிஷம், கை கால் சொன்னபடி கேக்க 10 நிமிஷம், நினைவு தப்ப 1 மணி நேரம். அந்த நடு 10 நிமிஷத்துக்குள்ள போர்டு மேல ஏறிடணும். அதனாலதான் போர்டு லீஷ் (உங்களையும் போர்டையும் இணைக்கற கயிறு) கண்டிப்பா வேணும்னு நாங்க அடம் பிடிக்கறது. காத்துல போர்டு போற வேகத்துக்கு நீந்திப் பிடிக்க முடியாது.

வெட்சூட் குளிர்காலத்துக்கு 5/4 (மி.மீ. தடிமன்), பூட்ஸ், க்ளவ்ஸ். 50 நியூட்டன் பாயன்சி எய்ட் (மிதக்க உதவற சட்டை). ஹெல்மெட் எப்பவும், ஃபாயில் உங்க தலையைத் தட்டினா நீங்க மிதந்துக்கிட்டு இருக்கணும்ல. மாட்டிக்கிட்டீங்கன்னா ரெண்டு கையையும் பக்கவாட்டுல நீட்டி மெதுவா மேல கீழ ஆட்டுங்க, போட் வரும். சும்மா ஒரு கையை ஆட்டினா ஹாய் சொல்றீங்கன்னு நினைப்போம். தண்ணி எடுக்கற டவர் பக்கம் மிதவை போட்டு எல்லை காட்டியிருக்கும், அதுக்குள்ள காரணமே இல்லாம நுழையாதீங்க.

கடைசியா ஒண்ணு. நீங்களும் பவர்போட் லெவல் 2 எடுங்க, ரெண்டு நாள் கோர்ஸ். போட்ல உக்காந்து மத்தவங்க ஓட்டறதைப் பார்த்தீங்கன்னா காத்து எங்க இருக்கு, எங்க இல்லன்னு கண்ணு முன்னாடி தெரியும், வல்வைக்காரன் சொன்ன அந்தக் கண்ணு இங்கதான் வரும்.

கேம்பிரிட்ஜ்மீனா:
நாங்க க்ராஃபம் வாட்டர்ல ஓட்டறோம். 1,500 ஏக்கருக்கு மேல, தென்மேற்குக் காத்துல இந்த முனையில இருந்து அந்த முனைக்கு ஒரே ஓட்டமா போற மாதிரி ஒரு சந்தோஷம் வேற எதுலயும் எனக்கு இல்ல. ஆனா க்ராஃபம்னாலே இன்னொரு விஷயம் சொல்லியாகணும். பிரிட்டன்ல கில்லர் ஷ்ரிம்ப்ங்கற இறாலை முதல் தடவையா கண்டுபிடிச்சது எங்க தண்ணியிலதான், 2010 செப்டம்பர். 3 செ.மீ. வரைக்கும் வளரும், உள்ளூர்ப் பூச்சி, புழு, சின்ன மீன் எல்லாத்தையும் கொல்லும், பசி இல்லாட்டியும் கொல்லும். ஈரமான வெட்சூட் மடிப்புக்குள்ள பல நாள் உயிரோட இருக்கும். அதே மாதிரி குவாகாங்கற மட்டியை 2014ல கண்டுபிடிச்சது ஹீத்ரோ பக்கத்துல ரேஸ்பரி ஆத்துல, அதாவது ஸ்லவ்வாசியோட வாசல்ல. குடிதண்ணிக் குழாயெல்லாம் அடைச்சுடும்.

அதனால செக், க்ளீன், ட்ரை. ஒரு தண்ணியில இருந்து இன்னொரு தண்ணிக்குப் போறதுக்கு முன்னாடி ஃபாயில் மாஸ்ட் பொருந்தற இடம், அதுக்கு போர்டு அடியில இருக்கற டிராக் பாக்ஸ் பள்ளம், விங்கோட மூலையில தேங்கற தண்ணி, பூட்ஸ் உள்பக்கம் எல்லாத்தையும் பாருங்க, சூடான தண்ணி ஊத்துங்க, நல்லா காயவிடுங்க. ஃபாயிலைக் கழட்டாம காரோட மேல கட்டிக்கிட்டு வார இறுதியில மூணு ரிசர்வாயர் சுத்தறவங்களைப் பார்த்தா எனக்கு நெஜமாவே கோவம் வருது. இது லட்சக்கணக்கான பேர் குடிக்கற தண்ணி, நம்மளை அதுல விளையாட விட்டிருக்காங்க.

ஆகஸ்ட், செப்டம்பர்ல நீலப்பச்சைப் பாசியும் வரும், பெயிண்ட் கொட்டின மாதிரி கரையோரம் படியும். 1989ல ரட்லண்ட் வாட்டர்ல அந்தப் பாசியால நாயும் ஆடும் செத்துருக்கு. கிளப் தண்ணியை மூடினா மூடினதுதான், வாக்குவாதம் பண்ணாதீங்க. மீன்பிடிக்கறவங்க படகும் இருக்கும், தூண்டில் போடற தூரம் விட்டுப் போங்க.

ரெடிங்ராம்:
அப்போ விண்ட்சர்ஃபிங் கதை முடிஞ்சுதா? கடையில எல்லாம் விங்தான் தொங்குது.

வல்வைக்காரன்:
முடியேல்லை தம்பி. 2024 ஒலிம்பிக்ஸில மார்செய்யில நடந்தது ஐ.கியூ.ஃபாயில், அதுவும் விண்ட்சர்ஃப்தான், ஃபாயிலில ஓடுறது. ஆம்பிளையளுக்கு 9 மீட்டர் செயில், பொம்பிளையளுக்கு 8. எம்மா வில்சன் பிரிட்டனுக்கு வெண்கலம் எடுத்தவ. 9 மீட்டர் செயிலும் அகலமான போர்டும் இருந்தால் 8 நாட்ஸிலயே பறக்கலாம், எங்கட மெல்லிய காத்துக்கு அதைவிட என்ன வேணும். விங்குக்கு 2018, 2019லதான் பெரிய கம்பனியள் சாமான் கொண்டு வந்தது, அதுக்குள்ள இவ்வளவு வளர்ந்திட்டுது, நல்ல விசயம். ஒண்டு வளர மற்றது சாக வேணும் எண்டில்லை.

சட்டம்படிப்பவள்:
இந்த இழையில எனக்கு வேலை இல்லதான், ஆனா ராம் ஹேலிங் ஐலண்ட்னு சொன்னதும் எழுதாம இருக்க முடியல. பேட்டன்ட் சட்டத்துல நாங்க படிக்கற முக்கியமான வழக்கு ஒண்ணு விண்ட்சர்ஃபிங் இன்டர்நேஷனல் எதிர் டாபர் மரைன். அமெரிக்காவுல ஷ்வைட்சரும் ட்ரேக்கும் 1968ல பேட்டன்ட்டுக்குப் போட்டு அது உலகம் முழுக்க ஓடிச்சு. இங்க கோர்ட்டுக்கு வந்தப்ப, 1958ல பீட்டர் சில்வர்ஸ்ங்கற 12 வயசுப் பையன் ஹேலிங் ஐலண்ட்ல தானே செஞ்ச போர்டுல செயில் மாட்டி எல்லாரும் பார்க்க ஓட்டியிருக்கான்னு காட்டினாங்க, பேட்டன்ட் செல்லாதுன்னு தீர்ப்பு. ஒரு கண்டுபிடிப்பு அந்தத் துறை தெரிஞ்சவங்களுக்கு சாதாரணமா தோணக்கூடியதான்னு பார்க்க இங்கிலாந்து கோர்ட்டுங்க இன்னிக்கும் அந்தத் தீர்ப்புல இருந்துதான் தொடங்கறாங்க.

வல்வைக்காரன்:
இவ்வளவு விபரம் எனக்குத் தெரியாது பிள்ளை, சந்தோசம். ஒரு பெடியன் தடியும் துணியும் வைச்சுச் செய்தது.

ஸ்லவ்வாசி:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. வல்வை அண்ணா சொன்னபடி விண்ட்சர்ஃப் ரெண்டு நாள் கோர்ஸ் புக் பண்ணிட்டேன், அதுக்கு அப்புறம் வாணி சொன்ன மாதிரி தரையில விங், எஸ்.யு.பி.ல விங். ரெண்டு பேர் சொன்னதையும் எடுத்துக்கிட்டேன், யாரும் கோச்சுக்காதீங்க. செகண்ட் ஹேண்ட்ல 6 மீட்டர் விங் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், ரெண்டு வருஷம் பழசு, என்ன பார்த்து வாங்கணும்? அப்புறம் அந்த கான்கிரீட் சரிவுல ஃபாயிலோட எப்படி இறங்கறது, பார்த்தாலே வழுக்கற மாதிரி இருக்கு.

விங்வாணி:
கோபம் எல்லாம் இல்லீங்க, கோர்ஸ் புக் பண்ணதே சந்தோஷம்.

விங்குக்கு: விக்கறவர் வீட்லயே காத்தடிச்சு 7 பி.எஸ்.ஐ. வச்சுட்டு ஒரு மணி நேரம் பேசிக்கிட்டு உக்காருங்க, கிளம்பும்போது அழுத்திப் பார்த்தா அதே இறுக்கம் இருக்கணும். முன்னாடி இருக்கற குழாயும் நடு ஸ்ட்ரட்டும் (நடுவுல ஓடற காத்துக் குழாய்) சேர்ற குட்டிக் குழாயைத் திருகிப் பாருங்க, கசிவு பெரும்பாலும் அங்கதான். பின் ஓரத் துணி காத்துல படபடன்னு அடிச்சு நைஞ்சிருக்கும், வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. நடுத்துணி தொளதொளன்னு ஆயிருந்தா விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும் வேணாம், 6 மீட்டர் விங் 5 மீட்டர் மாதிரிதான் இழுக்கும்.

இறங்கறதுக்கு: முதல்ல காத்தடிக்காத விங்கை கான்கிரீட்ல இழுக்காதீங்க, புல்லு மேல வச்சே காத்தடிச்சு, தலைகீழா போட்டு, முன்பக்கம் காத்தைப் பார்த்து இருக்கட்டும், மணிக்கட்டு லீஷை எதுலயாவது மாட்டிட்டு வாங்க. அப்புறம் போர்டு. ஃபாயில் மேல இருக்கற மாதிரி கவுத்துத் தூக்கி, பூட்ஸ் போட்டுக்கிட்டு, ஸ்லிப்வே வழியா மட்டும் இறங்குங்க, தண்ணி மட்டத்துக்கிட்ட பச்சையா பாசி படிஞ்ச பட்டை ஒண்ணு இருக்கும், அங்க கால் தேய்ச்சுத் தேய்ச்சு வைங்க, எடுத்து வைக்காதீங்க. இடுப்பளவு தண்ணி வந்ததும் போர்டைத் திருப்புங்க, முன் விங் அடியில தட்டாத ஆழம் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போங்க. பாண்டூன் (மிதக்கற மேடை) இருந்தா அதுல இருந்து இறங்கறது இன்னும் சுலபம், ஆனா டிங்கி வந்து சேர்ற நேரம் தவிர்த்துடுங்க.

போட்செல்வா:
கோர்ஸ் எந்த வாரம்னு மட்டும் தனி மெசேஜ்ல சொல்லுங்க, என் ட்யூட்டியை அந்த நாளுக்கு மாத்திக்கறேன். லாங்லில இருந்து வேற யாராவது வர்றாங்கன்னா ஒரே கார்ல வாங்க, சனிக்கிழமை காலையில பார்க்கிங் சீக்கிரம் நிறைஞ்சுடும்.